இல்லாத பதினோராம் தேதி

பெத்ரினோவ் வீட்டு மணியை அடிக்கறதுக்கு முன்னாடி நெவ்யானா மூணு தடவை தெருமுனை வரைக்கும் போய்ட்டுத் திரும்பி வந்தா. கோட்டுக்குள்ள, நெஞ்சோட ஒட்டி, ஒரே ஒரு தாள். யாராவது பிடுங்கிட்டுப் போய்டுவாங்களோன்னு ட்ராம்ல வர்ற வழியெல்லாம் ரெண்டு கையாலயும் அணைச்சுப் பிடிச்சதுல விரலெல்லாம் மரத்துப் போயிருந்துச்சு. அந்தத் தாள் நெசம்னு பெத்ரினோவ் சொல்லிட்டா அப்பா வீட்டுக்கு வந்துடுவாரு. சொல்லலைன்னா தூக்குன்னு பள்ளிக்கூடத்துல பொண்ணுங்க அவ காதுபடவே பேசிக்கிட்டாங்க. பதினாறு வயசுக்கு அவ சுமந்த பயம் அவ எடையை விட ஜாஸ்தி.

கதவைத் திறந்தது பெத்ரினோவ் இல்ல. குண்டா, கழுத்துல வெள்ளைத் துண்டைச் சுத்திக்கிட்டு ஒரு ஆளு.

"எந்தப் பல்லு?"

"பல்லு இல்லீங்க..."

"அப்ப ஈறு. வாயைத் திற பாப்போம்."

"புன்ச்சோ, அந்தப் பொண்ணை உள்ள விடுய்யா," உள்ளேர்ந்து ஒரு குரல் வந்துச்சு. "பல்லு வலிக்குதுன்னு யாரும் கோட்டை அப்படிப் புடிச்சிட்டு நிக்க மாட்டாங்க."

புன்ச்சோ பல் டாக்டர். பெத்ரினோவோட தங்கச்சி புருஷன், மாடியில குடியிருக்காரு. மச்சான் முப்பது வருஷம் விசாரணை நீதிபதியா இருந்து ரிட்டையர் ஆனவரு. அதனால துப்பறியற புத்தி கல்யாணச் சீதனமா தனக்கும் வந்துடுச்சுன்னு டாக்டருக்கு நினைப்பு.

பெத்ரினோவ் அடுக்களை மேஜையில உக்காந்து சுட்ட குடமிளகாயோட கருகின தோலை உரிச்சிட்டு இருந்தாரு. அக்டோபர் மாசம், பல்கேரியத் தலைநகர் சோஃபியாவே மிளகா சுடற வாசனையில முங்கியிருக்கற நேரம். மனுசன் ஒல்லி. எந்த மந்திரி வந்தாலும் போனாலும் அவரு சொல்லுக்கு மட்டும் கோர்ட்டுல விலை குறைஞ்சதே இல்ல. அதான் அப்பாவோட வக்கீல் இவரு வீட்டு விலாசத்தை எழுதிக் குடுத்தாரு.

"நான் ஜெனரல் கொப்ரினோவோட பொண்ணு," நெவ்யானா சொன்னா. சொன்னதும் ரெண்டு பேர் முகத்தையும் பாத்தா. இப்பல்லாம் அந்தப் பேரைச் சொன்னா ஒண்ணு முகம் சுளிப்பாங்க, இல்ல எச்சி துப்புவாங்க. பெத்ரினோவ் இன்னொரு மிளகாயை எடுத்தாரு. அவ்வளவு தான்.

"உக்காரும்மா. விசயத்தைச் சொல்லு."

அவ சொன்னா. லாசார் கொப்ரினோவ் கப்ரோவோ ஊர்ல ஒரு செருப்புத் தைக்கறவரோட மகன். பதினேழு வயசுல, செர்பியாக்காரன் படையெடுத்து வந்தப்போ, வீட்டுக்குச் சொல்லாம பட்டாளத்துக்கு ஓடினவரு. அங்கேர்ந்து அதிகாரி. பால்கன் போர்ல எட்ரினே கோட்டைச் சுவத்துல மொதல்ல ஏறின படைப்பிரிவு அவரோடது. அப்புறம் ஜெனரல். பெரிய போர்ல, ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினஞ்சுல, போர் அமைச்சர். அந்த வருஷம் அவரு வண்டி போனா தெருவுல தொப்பியைக் கழட்டாத ஆளு கிடையாது. தோத்ததும் அதே தெருவுல அதே வண்டி மேல கல்லு. இப்ப புது அரசாங்கம், போருக்கு நாட்டை இழுத்துட்டுப் போன மந்திரிங்களையெல்லாம் கூண்டுல ஏத்துது.

"மத்த குத்தமெல்லாம் எல்லா மந்திரிக்கும் பொது. அப்பா மேல தனியா ஒண்ணு இருக்குங்க. பூட்ஸ்."

புன்ச்சோ துண்டைக் கழட்டிக் கீழ வெச்சாரு. பூட்ஸ் கதை தெரியாதவங்க நாட்டுல இல்ல. ஷிஷ்கோவ்னு ஒரு காண்ட்ராக்டர் நாப்பதாயிரம் ஜோடி பூட்ஸ் பட்டாளத்துக்குக் குடுத்தான். அடிப்பக்கம் தோல் மாதிரி சாயம் பூசின அட்டை. மொதல் பனிக்கே கரைஞ்சு போச்சு. மலையில நின்ன பசங்க எத்தனை பேருக்கு விரல் போச்சு, பாதம் போச்சு, உசிரே போச்சுன்னு யாரும் முழுசா எண்ணலை.

"அந்த பூட்ஸை ஏத்துக்கலாம்னு அப்பா கையெழுத்துப் போட்ட தாள் கோர்ட்டுல இருக்கு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினாறு, ஏப்ரல் பதினேழுன்னு தேதி. அது சப்ளை கர்னல் மத்த காகிதங்களுக்கு நடுவுல சொருகி வாங்கினதுன்னு அப்பா சொல்றாரு. கர்னல் செத்துட்டாரு. ஷிஷ்கோவ் யாரு, கறுப்பா செவப்பான்னே தெரியாது, வாழ்க்கையில பாத்ததில்லைன்னு அப்பா சத்தியம் பண்ணியிருக்காரு. நான்... போன வாரம் இது கிடைச்சுது."

தாளை எடுத்து மேஜையில வெச்சா. பெத்ரினோவ் ரெண்டு கையையும் தூக்கிக் காட்டினாரு. மணிக்கட்டு வரைக்கும் மிளகாச் சாறு. "டாக்டரே, நீ படி."

புன்ச்சோவுக்கு அதை விட என்ன வேணும். கோட்டுப் பையிலேர்ந்து பல்லு பாக்கற பூதக்கண்ணாடியை எடுத்தாரு.

"போர் அமைச்சகம். ஏப்ரல் பதினொண்ணு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினாறு. ஷிஷ்கோவ் கம்பெனி பூட்ஸை எக்காரணம் கொண்டும் ஏத்துக்கக் கூடாது. நானே ஒரு ஜோடியை வளைச்சுப் பாத்தேன். அடி அட்டை. மொத்தத்தையும் திருப்பி அனுப்பவும். கொப்ரினோவ்." டாக்டர் நிமிர்ந்தாரு. "அடேயப்பா! மறுத்துட்டாரு மனுசன்! ஆறு நாள் முன்னாடியே மறுத்துட்டாரு!"

"எங்க கிடைச்சுதும்மா?"

"அப்பாவோட பழைய சீருடைப் பெட்டியில. அண்ணன் தான், அப்பாவுக்குச் சிறையில குளிரும், கம்பளிச் சட்டை இருக்கான்னு பாருன்னான். அடியில ஒரு தோல் பைக்குள்ள இருந்துச்சு."

டாக்டர் தாளை ஜன்னல் வெளிச்சத்துல புடிச்சாரு, மோந்தாரு, ஓரத்தை நக்கக்கூடப் போனாரு; மச்சான் முறைச்சதும் நிறுத்திட்டாரு. "தாள் அமைச்சகத்துத் தாள் தான், தண்ணி முத்திரை இருக்கு. கையெழுத்து அசல், பத்திரிகையில நூறு தடவை பாத்திருக்கேன், அந்த 'வ்' வால் கீழேர்ந்து மேல சாட்டை மாதிரி சுழட்டி வரும். பாரு, கடைசி வரி வரைக்கும் ஏறி வந்து டைப் எழுத்தைத் தொடுது."

"எது மேல எது இருக்கு?"

"என்னது?"

"வால் மேல எழுத்தா, எழுத்து மேல வாலா?"

புன்ச்சோ மறுபடி குனிஞ்சாரு. "எழுத்து தான் மேல. ரிப்பன் மை கையெழுத்து மை மேல உக்காந்திருக்கு. அதனால என்ன? மை மை தானே?"

பெத்ரினோவ் எந்திரிச்சுப் போய்க் கையைக் கழுவினாரு, நிதானமா, நகக்கண் வரைக்கும்.

"அமைச்சரு வெறும் தாள்ல கையெழுத்துப் போட்டு வெக்கறது உண்டாம்மா?"

"உண்டுங்க. ராஜாவோட படைத் தலைமையகத்துக்குப் போறப்போ பத்துப் பதினஞ்சு தாள்ல போட்டு வெச்சுட்டுப் போவாரு. அவசரம்னா கென்ச்சோ ஐயா வந்து வீட்டு மெஷின்லயே டைப் அடிச்சு எடுத்துட்டுப் போவாரு. அவரு அப்பாவோட குமாஸ்தா. மிச்சம் இருக்கறதை அம்மா அந்தத் தோல் பையில வெச்சுப் பூட்டுவாங்க." சொல்லி முடிச்சப்புறம் தான் என்ன சொல்லிட்டோம்னு அவளுக்கே உறைச்சுது. "ஆனா... அவசரமா அனுப்பின உத்தரவா இருக்கும்ல?"

"இருக்கலாம். இந்தத் தாளைப் பத்தி அப்பாவுக்குத் தெரியுமா?"

"வக்கீல் போய்ச் சொன்னாரு. 'ஆமா, நான் தான் போட்டேன், எப்படி மறந்தேன்'னு அப்பா நெத்தியில அடிச்சுக்கிட்டாராம்."

"அந்த ஏப்ரல்ல வீட்டுல யாரு யாரு இருந்தீங்க?"

"அப்பா, அம்மா, நானு. அண்ணன் சாமுயில் மியூனிக்ல எஞ்சினீரிங் படிச்சிட்டு இருந்தான், ஆகஸ்ட்ல தான் வந்தான். வந்து நேரா போர்முனைக்குப் போனான்." குரல் தழைஞ்சுது. "கென்ச்சோ ஐயா தெனம் வருவாரு."

"அந்த நாட்கள்ல வேற ஏதாவது ஞாபகம் இருக்கா? சின்ன விசயமா இருந்தாலும் பரவால்ல."

அவ யோசிச்சா. அப்பாவைப் பத்தி நல்லதா ஒண்ணு சொல்லணும், இவரு மனசு இளகற மாதிரி. "அப்பாவோட பேர் நாள் வந்துச்சு, அவருக்குப் பேர் வெச்ச லாசார் புனிதரோட திருநாள். லாசார் சனிக்கிழமை. காலையிலேர்ந்து கூட்டம். பேர் நாளைக்கு யாரையும் கூப்பிடறதில்லையே, தானா வருவாங்க, வந்தவங்களை வெளிய அனுப்பவும் முடியாது. நோன்புக் காலம்கறதால அம்மா அவரைப் பருப்பும் திராட்சை இலையில சுருட்டின சோறும் மலை மாதிரி பண்ணியிருந்தாங்க. யாரோ ஒரு பெரியவரு எனக்குச் செவப்பு பூட்ஸ் கொண்டாந்தாரு. டப்பா மேல நாரைப் படம், ஒத்தைக் கால்ல நிக்கும். அவ்வளவு சனத்துக்கு நடுவுல அப்பா தரையில மண்டி போட்டு அவரே எனக்குக் கயிறு கட்டி விட்டாரு. ஒரு மந்திரி! அடிப்பக்கத்தை வளைச்சுப் பாத்துட்டு, 'நல்ல எருமைத் தோல்டி, உன் கல்யாணம் வரைக்கும் வரும்'னாரு. அவருக்குத் தோல்னா வாசனையிலயே தெரிஞ்சுடும்." அவ நிமிர்ந்து பாத்தா. "அப்படிப்பட்டவரு அட்டைப் பூட்ஸை ஏத்துப்பாராங்க?"

பெத்ரினோவ் ரொம்ப நேரம் அவளையே பாத்தாரு. அந்தப் பார்வையில கோவம் இல்ல. கோவம் இருந்திருந்தா அவளுக்குப் பயம் கம்மியா இருந்திருக்கும்.

"நாளைக்கு ஞாயிறு. பூசை முடிஞ்சதும் உங்க வீட்டுக்கு வரேன். அம்மா, அண்ணன், குமாஸ்தா மூணு பேரும் இருக்கட்டும்."

அவ படி இறங்கறப்போ மேலேர்ந்து புன்ச்சோ குரல் கேட்டுச்சு: "எனக்குப் புரிஞ்சுடுச்சு மச்சான்! குமாஸ்தா தான்! எப்பவும் குமாஸ்தா தான்!"

"நீ போய் யாருக்காவது பல்லைப் புடுங்கு."

*

மறுநாள் வரவேற்பு அறையில அம்மா பராஸ்கேவா விருந்தாளிங்களுக்கு முறைப்படி சின்னத் தட்டுல செர்ரி ஜாமும் பக்கத்துல குளிர்ந்த தண்ணியும் வெச்சாங்க. ஜெனரல் பொண்டாட்டி. வீட்டுச் சாமானெல்லாம் ஒண்ணொண்ணா வித்தாச்சு, ஆனா வெள்ளிக் கரண்டி மட்டும் போகலை.

சாமுயில் அடுப்புப் பக்கம் உக்காந்திருந்தான். இருபத்தாறு வயசு. வலது கால் கணுக்காலோட முடிஞ்சு போச்சு. ஊன்றுகோல் நாற்காலி மேல சாய்ஞ்சிருந்துச்சு. கென்ச்சோ ஐயா கதவோரம், உக்காரச் சொல்லியும் உக்காராம, தொப்பியைக் கையில புடிச்சிட்டு நின்னாரு.

"ஜெனரலம்மா," பெத்ரினோவ் ஆரம்பிச்சாரு, "தாள் அசல். கையெழுத்து அசல். மெஷினும் இந்த வீட்டு மெஷின் தான். டாக்டர் சோதிச்சுட்டாரு."

"ஆண்டவன் இருக்கான்," அம்மா சிலுவை போட்டுக்கிட்டாங்க.

"ஆனா கையெழுத்து மொதல்ல, எழுத்து அப்புறம். வெறும் தாள்ல போட்டு வெச்ச கையெழுத்து. அது மட்டும்னா ஒண்ணும் சொல்ல முடியாது, அமைச்சரு வழக்கம் அது. கென்ச்சோ ஐயா, ஒரு கேள்வி. அந்த வருஷம் அனுப்பின உத்தரவுப் பதிவேடு நீங்க தானே எழுதினது?"

"நான் தாங்க."

"ஏப்ரல் பதினொண்ணாம் தேதிக்கு அதுல என்ன எழுதியிருக்கீங்க?"

கென்ச்சோ ஐயா தொப்பியைச் சுத்திக்கிட்டே இருந்தாரு.

"சரி, பாப்பா சொல்லட்டும். நெவ்யானா, அப்ப உனக்குப் பத்து வயசு. அந்த வருஷம் மார்ச் மாசம் முடிஞ்சதும் பள்ளிக்கூடத்துல காலண்டரை என்ன பண்ணீங்க?"

அவ வாயைத் திறந்தா. "கிழிச்சோம்," அப்படின்னா. அப்புறம் தான் அந்தத் தேதி மேல வந்து விழுந்துச்சு. "டீச்சர் பதிமூணு தாளைக் கிழிக்கச் சொன்னாங்க. அடுப்புல போட்டோம். நாம பழைய நாள்காட்டியை விட்டுட்டு ஐரோப்பாக்காரங்க நாள்காட்டிக்கு வந்துட்டோம், அதனால..."

"அதனால மார்ச் முப்பத்தொண்ணு வியாழக்கிழமை ராத்திரி படுத்த நாடு, வெள்ளிக்கிழமை ஏப்ரல் பதினாலுன்னு எந்திரிச்சுது. நடுவுல பதிமூணு நாள் கிடையாது. பல்கேரியாவுல ஒரு கொழந்தை அன்னிக்குப் பொறக்கலை, ஒரு கெழவன் சாகலை, ஒரு அமைச்சரும் உத்தரவு போடலை. ஏப்ரல் பதினொண்ணுன்னு ஒரு நாளே இந்த நாட்டுல விடியலை."

புன்ச்சோ ஜாம் கரண்டியை வாயிலேயே வெச்சிட்டு இருந்தாரு. "எனக்கு அந்தப் பன்னெண்டாம் தேதி பொறந்த நாளு!" அப்படின்னாரு பரிதாபமா. "அந்த வருஷம் என் பொண்டாட்டி, 'உனக்கு வயசு ஏறலை, புத்தியும் ஏறலை'ன்னா. இதைப் போயி கோட்டை விட்டேனே!"

யாரும் சிரிக்கலை.

"அப்ப இதை அடிச்சது யாரு?" பெத்ரினோவ் குரலை உசத்தவே இல்ல. "தோல் பையைப் பத்தித் தெரிஞ்சவங்க, தாளைக் கொண்டாந்த பாப்பாவை விட்டா, மூணு பேரு. கென்ச்சோ ஐயா இல்ல. அந்தப் பதிமூணு நாளுக்கும் பதிவேட்டுல குறுக்குக் கோடு போட்டது அவரு கை. அந்தக் கைக்குத் தேதி தப்பாது. ஜெனரலம்மாவும் இல்ல. அந்த வருஷம் லாசார் சனிக்கிழமை வந்தது பதினஞ்சாம் தேதி, நாள்காட்டி மாறின ரெண்டாம் நாளு. வந்த விருந்தாளிங்க பூரா அதே பேச்சுத் தானே பேசியிருப்பாங்க?"

"'பதிமூணு நாள் நோன்பு லாபம்'னு சிரிச்சாங்க," அம்மா வாய்க்குள்ள சொன்னாங்க. தாளைப் பாத்த அன்னிக்கு அவங்க பாத்தது கையெழுத்தை மட்டும் தான். தேதி கண்ணுலயே படலை.

"இந்தத் தப்பைப் பண்ணக்கூடியவன் அந்த ஏப்ரல்ல இந்த நாட்டுல இல்லாதவன். ஜெர்மனியில பதினொண்ணு இருந்துச்சு. செவ்வாய்க்கிழமை. நீ காலேஜ் போயிருப்ப, இல்லையா சாமுயில்?"

நெவ்யானா அண்ணனைப் பாக்கவே இல்ல. கம்பளம் மேல இருந்த ஒரு ஓட்டையைப் பாத்தா. மாட்டேன்னு சொல்லுடா, தப்பா சொல்றாருன்னு சொல்லுடான்னு உள்ளுக்குள்ள கெஞ்சினா.

"எஞ்சினீரு தேதியில கோட்டை விட்டுட்டான்," சாமுயில் சொன்னான். சிரிக்கிற மாதிரி இருந்துச்சு. "கென்ச்சோ ஐயா, நீங்க பாத்ததுமே கண்டுபுடிச்சிருப்பீங்களே?"

"பாத்ததும் தெரிஞ்சுது தம்பி." கெழவர் கண்ணு தண்ணியா இருந்துச்சு. "இருபது வருஷம் இந்த வீட்டு உப்பு. என்னன்னு வாயைத் திறப்பேன்?"

"ஏன்டா?" அம்மா எந்திரிச்சுட்டாங்க. "நான் எவ்வளவு... ஏன்டா இப்படிப் பண்ண?"

"ஏனா? எனக்கு ஒரு காகிதம் வேணும்மா. ஒரே ஒரு காகிதம். எங்கப்பன் வேணாம்னு சொன்னான்னு. இல்லைன்னா நான் என்னன்னு நினைச்சுக்கறது? ஆஸ்பத்திரியில எல்லாரும் எதிரியோட குண்டு பட்டு வந்தவங்க. எனக்கு மட்டும் குண்டு எங்கப்பன் கையெழுத்துல வந்துச்சு." அவன் பெத்ரினோவ் பக்கம் திரும்பினான். "தாளைப் பத்திச் சொன்னதும் அவரு என்ன சொன்னாராம்?"

நெவ்யானா தான் சொன்னா, கேக்காத கொரல்ல: "'நான் தான் போட்டேன்'னு."

சாமுயில் அடுப்புப் பக்கம் திரும்பினான். "போடாத உத்தரவைப் போட்டேங்கறாரு. யாரு அடிச்சதுன்னு கூடக் கேக்கலை. அப்ப நெசமாவே ஒண்ணு போட்டிருந்தா ஞாபகம் இருந்திருக்குமே." கையை நீட்டித் தாளை வாங்கினான். "இது இன்னும் கோர்ட்டுக்குப் போகலைல?"

"போகலை. என்கிட்ட அபிப்பிராயம் தான் கேட்டாங்க. தாள் உங்க வீட்டோடது."

அடுப்புக் கதவைத் திறந்து உள்ள போட்டான். ஜெனரலோட கையெழுத்து வால் பக்கம் தான் மொதல்ல பத்திக்கிச்சு.

"ஆஸ்பத்திரி டாக்டர் என் பூட்ஸை அறுத்து எடுத்தப்போ," தீயைப் பாத்துட்டே பேசினான், "அட்டை கஞ்சியா காலோட ஒட்டியிருந்துச்சு. உள்பக்கம் மட்டும் முத்திரை அழியலை. ஒத்தைக் கால்ல நிக்கிற நாரை. ஷிஷ்கோவோட மார்க்கு. அதைப் பாத்து நான் சிரிச்சேனாம், நர்ஸ் சொன்னா."

நெவ்யானாவுக்கு நேத்து அந்த அடுக்களையில பெத்ரினோவ் ஏன் அப்படிப் பாத்தாருன்னு இப்ப தான் தெரிஞ்சுது. அவரு ஷிஷ்கோவ் மார்க்கை எத்தனை காகிதத்துல பாத்திருப்பாரு.

"எனக்கு வந்த செவப்பு பூட்ஸ் டப்பாவுலயும் அது தான் இருந்துச்சு," அப்படின்னா.

"வாயை மூடு," அம்மா சொன்னாங்க.

"அப்பாவே கட்டி விட்டாரும்மா. அந்தாளு தோள்ல கை போட்டு உள் அறைக்குக் கூட்டிட்டுப் போனாரு. ரெண்டு நாள் கழிச்சு..." பதினஞ்சு, பதினேழு. கணக்குப் போட விரல் கூடத் தேவையில்ல. "ஷிஷ்கோவைப் பாத்ததே இல்லைன்னு சத்தியம் பண்ணியிருக்காரே."

"பத்து வயசுக் கழுதைக்கு என்னடி தெரியும்? பேர் நாளைக்கு ஊரே வரும், வாசல்ல நின்னு பேரு கேப்பாங்களா?"

"பேரு தெரிய வேணாம். ஆனா தோலு தெரியுமே அவருக்கு. எனக்கு வந்ததை வளைச்சுப் பாத்தவரு, பட்டாளத்துக்கு வந்ததை வளைச்சுப் பாக்கலையா?"

அம்மா கை ஓங்கினது அவளுக்குத் தெரிஞ்சுது. அடி விழலை. கென்ச்சோ ஐயா குறுக்கே வந்து நின்னுட்டாரு. இருபது வருஷத்துல அந்த வீட்டுல யாரும் கூப்பிடாம அவரு ஒரு அடி எடுத்து வெச்சது அன்னிக்குத் தான்.

வாசல் வரைக்கும் அவ பெத்ரினோவ் பின்னாடி ஓடினா. "நேத்தே உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்மா."

"ஏன் உள்ள சொல்லலை?"

"என்னைக் கேட்டது ஒரு தாளைப் பத்தி. அது பொய்னு சொல்லிட்டேன்."

"நான் என்ன பண்ணணும்? வக்கீல் லிஸ்ட்ல என் பேரு இருக்கு. மக வந்து அழுதா நீதிபதிங்க மனசு இளகும்னு போட்டிருக்காரு. நான்... எனக்கு ரொம்ப பயமா இருக்குங்க. சொன்னா அப்பாவைத் தூக்குல போட்டுடுவாங்களா?"

"போடலாம். போடாமலும் இருக்கலாம்." அவரு தொப்பியை மாட்டினாரு. "நீ சொன்னாலும் நாப்பதாயிரம் ஜோடிக்கும் அடி முளைக்காது. சொல்லலைன்னா உங்கப்பா வீட்டுக்கு வந்தாலும் வரலாம். இதுல எதைச் செய்யுன்னு சொல்ற தைரியம் எனக்கில்ல. முப்பது வருஷமா அடுத்தவங்க அப்பன்களைத் தான் நான் விசாரிச்சிருக்கேன்."

புன்ச்சோ மட்டும் போறப்போ அவ தலையை ஒரு தடவை தடவிட்டுப் போனாரு. துப்பறியறதைப் பத்தி அவரு அதுக்கப்புறம் பேசினதா யாருக்கும் ஞாபகம் இல்ல.

*

கோர்ட்டுல, அவ பேரைக் கூப்பிடற வரைக்கும், அம்மா அவ பக்கத்துல உக்காந்திருந்தாங்க, கையைப் புடிச்சிட்டு. புடிச்ச புடியில நகம் பதிஞ்சுது. வக்கீல் தேனா கேட்டாரு: "வீட்டுல உங்கப்பா எப்படிப்பட்டவருன்னு சொல்லும்மா."

அப்பா கூண்டுல, பட்டன் எல்லாம் அறுத்த கோட்டுல, நிமிர்ந்து நின்னுட்டு இருந்தாரு. சிறை அவரை இளைக்க வெச்சிருந்துச்சு. முதுகை மட்டும் வளைக்கலை. அவளைப் பாத்துக் கண்ணைச் சிமிட்டினாரு, சின்ன வயசுல ஊசி போடறப்போ சிமிட்டுவாரே, அதே மாதிரி. பயப்படாதேன்னு. அது தான் அவளால தாங்கவே முடியலை.

அவ அழுதா. வக்கீல் நெனைச்ச மாதிரியே அழுதா. அழுதுக்கிட்டே லாசார் சனிக்கிழமையைப் பத்தி எல்லாத்தையும் சொன்னா. செவப்பு பூட்ஸ், நாரை, எருமைத் தோல், உள் அறை. அண்ணனைப் பத்தியும் எரிஞ்ச தாளைப் பத்தியும் மட்டும் வாயைத் திறக்கலை.

அப்பா மறுக்கலை. நீதிபதி கேட்டப்போ, "சாட்சி சொன்னது சரி தான்," அப்படின்னாரு, அணிவகுப்புல அறிக்கை குடுக்கற குரல்ல. "போர் நடக்குது. ராஜாவுக்கு இலையுதிர்காலத்துக்குள்ள நாப்பதாயிரம் ஜோடி வேணும். அட்டையைத் திருப்பி அனுப்பினா பசங்க வெறுங்காலோட போவாங்க. அட்டையாவது இருக்கட்டும்னு நெனைச்சேன்."

"உங்க மகளுக்கும் அட்டையே போதும்னு நெனைச்சிருக்கலாமே," அப்படின்னாரு நீதிபதி.

ஜெனரல் கொப்ரினோவுக்குப் பத்து வருஷம் கடுங்காவல் குடுத்தாங்க.

பத்து வருஷம் ஆகலை. அடுத்த கோடையில பட்டாளமே அரசாங்கத்தைக் கவுத்துது. அதுக்கடுத்த வருஷம் பொது மன்னிப்பு. கையெழுத்துப் போட்டவங்க, போட வெச்சவங்க எல்லாரும் வெளிய வந்தாங்க. பத்திரிகைங்க 'தியாகி ஜெனரல்'னு எழுதிச்சு. பதக்கத்தைத் திருப்பிக் குடுத்தாங்க, ஓய்வூதியத்தையும். பட்டாளத்து நாளான செயிண்ட் ஜார்ஜ் திருநாள் அன்னிக்கு அவரு வீட்டு முன்னாடி வாத்தியம் வாசிச்சாங்க. பூட்ஸைப் பத்தி ஒருத்தர் கூட வாயைத் திறக்கலை.

நெவ்யானா அன்னிக்கு வந்திருந்தா. தீர்ப்பு வந்த மறு வாரமே அம்மா அவ துணியைக் கட்டி வாசல்ல வெச்சுட்டாங்க. புன்ச்சோவோட பொண்டாட்டி தான் கூட்டிட்டுப் போய் மாடியில இடம் குடுத்தாங்க. இப்ப டாக்டர்கிட்ட பல்லு கட்டற வேலை கத்துக்கறா. அப்பா வந்துட்டாருன்னு கேட்டதும் கால் தானா வந்துடுச்சு. அவரு அவளைப் பாத்தாரு. கன்னத்துல முத்தம் குடுத்தாரு, வரிசையில வந்த எல்லாருக்கும் குடுத்த மாதிரி. "நல்லா சாட்சி சொன்ன," அப்படின்னாரு காதோரமா. "பட்டாளத்துல இருந்தா பதவி உயர்வு குடுத்திருப்பேன்." அதைப் பாராட்டா எடுத்துக்கறதா, சாபமா எடுத்துக்கறதான்னு அவளுக்கு இன்னி வரைக்கும் தெரியலை.

பத்திரிகைக்காரன் படம் எடுக்கக் குடும்பத்தை வாசப்படியில நிறுத்தினான். நடுவுல ஜெனரல். இந்தப் பக்கம் அம்மா. அந்தப் பக்கம் சாமுயில். "அண்ணே, கட்டைக் காலைக் கொஞ்சம் முன்னாடி வைங்க, போர்ல போனது நல்லாத் தெரியட்டும்," அப்படின்னான். சாமுயில் அப்பாவைப் பாக்காம முன்னாடி வெச்சான்.

ஓரத்துல நின்ன நெவ்யானாவைப் பாத்து படக்காரன் கையைக் காட்டினான். "இந்தப் பொண்ணு யாரு? இவங்களும் வரணுமா?"

"அது டாக்டர் வீட்டுப் பொண்ணு," அம்மா சொன்னாங்க. "பாக்க வந்திருக்கு."

நெவ்யானா அப்பாவைப் பாத்தா. இல்ல, என் பொண்ணுன்னு சொல்ல மூணு வார்த்தை போதும். ஜெனரல் கொப்ரினோவ் பதக்கத்தை நேரா இழுத்து விட்டாரு, தாடையை நிமித்தினாரு, கேமராவைப் பாத்தாரு.

"நகருங்கம்மா," படக்காரன் மரியாதையாவே சொன்னான், "உங்க நெழல் விழுது."

அவ நகந்தா.